அலையாத்தி வாள்முறை: சேற்றில் நின்று சண்டை போட முடியுமா?

உப்புக்காற்று:

வணக்கம் மக்களே. எட்டு அத்தியாயம் எழுதியும் என் தொடர்கதையில் ஒரு சண்டைகூட வரவில்லை என்று மூன்று பேர் திட்டிவிட்டார்கள். ஒன்பதாவதில் வருகிறது. அதற்கு முன்னால் வாள்முறையை மட்டும் இங்கே போடுகிறேன். ஓட்டை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கதை நடப்பது 1730களில், தாணே காடியை ஒட்டிய ஒரு கற்பனைக் கிராமத்தில். (கழியை இங்கே காடி என்பார்கள். மும்பைக்கு வந்த புதிதில் ஊறுகாய்க்கு ஊற்றுவதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.) சாஷ்டித் தீவுக்காக (ஆங்கிலத்தில் சால்செட்) மராத்தியரும் போர்ச்சுகீசியரும் மோதிக்கொண்ட காலம். கிராமத்தில் ஒரு வாள்முறை இருக்கிறது, பெயர் அலையாத்தி. மரத்தின் பெயர்தான். அலையை ஆற்றுவது. வருகிற அலையை உள்ளே விட்டு, வேர்களுக்கு நடுவே சுற்றவிட்டு, சோர்ந்துபோக வைக்கிற மரம். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் முழு முறையையும் கட்டினேன்.

அடிப்படை 'வேர்நிலை'. இரண்டு காலும் கணுக்கால் வரை சேற்றில். காலைத் தூக்கவே கூடாது. எதிராளிதான் வரவேண்டும்.

அடுத்தது 'மூச்சுவேர்'. வெண்கண்டல் மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் வேர் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்குகிறது. அதுபோல வாள்நுனி எப்போதும் சேற்றை ஒட்டிக் கீழேயே இருக்கும். அங்கிருந்து மேல்நோக்கிச் சின்னச் சின்னக் குத்து: மணிக்கட்டு, முழங்கையின் உட்புறம், தொடை. எந்தக் குத்தும் ஒரு சாணுக்கு மேல் போகாது.

மூன்றாவது 'விதைவீழ்', எனக்கு மிகவும் பிடித்தது. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி பச்சையாகத் தொங்கும். தண்ணீர் வற்றியிருக்கும்போது விழுந்தால் ஈட்டி போலச் சேற்றில் செருகி அங்கேயே வேர்விடும். ஏறியிருக்கும்போது விழுந்தால் மிதந்து வேறு கரைக்குப் போய்விடும். தலைக்கு மேலிருந்து வாளின் எடையாலேயே இறங்கும் குத்து இது. பட்டால் அங்கேயே ஊன்றி நில். படாவிட்டால் வாளை இழுத்து மீட்காதே, அது போகும் பக்கமே போ.

'தில்லை' என்று ஒன்று உண்டு. தடை செய்யப்பட்ட அடி. அதை அப்புறம் சொல்கிறேன்.

உச்சக் காட்சி: அமாவாசை, நடுநிசி, கணுக்கால் புதையும் சேறு. நாயகி தனியாக நிற்கிறாள், எதிரே மூன்று பேர். எப்படி இருக்கிறது?

அனிமேப்பித்தன்:

மிரட்டல் ப்ரோ! ஒரே ஒரு குறை, வரிசை எண் வேண்டும். "முதல் வடிவம், மூச்சுவேர்!" என்று கத்திக்கொண்டே குத்தினால்தான் மாஸ். வாளைச் சுழற்றும்போது பின்னால் ஒரு பெரிய அலை எழ வேண்டும். கூட ஒரு பூநாரை வடிவமும் போடுங்கள், ஒற்றைக் காலில் நின்று சுழன்று வெட்டுவது. மும்பை என்றாலே பூநாரைதானே!

பட்டாக்கத்தி:

//வடிவத்தின் பெயரைக் கத்திக்கொண்டே குத்தினால்//

தம்பி, குத்தப்போகிறவன் எங்கே குத்தப்போகிறான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதிராளிக்கு என்ன வேலை?

உப்புக்காற்று, சின்ன வயதில் இரண்டு வருடம் மர்தானி கேல் பழகியிருக்கிறேன். கோலாப்பூர்ப் பக்கத்து வித்தை. பெரிய ஆள் ஒன்றும் இல்லை. விழாக்களில் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து வெட்டிக்காட்டும் கூட்டத்தில் கடைசி ஆள், பாதி நாள் பழத்தை விட்டுத் தரையைத்தான் வெட்டினேன். அந்தத் தகுதியில் இரண்டு விஷயம்.

ஒன்று, முழங்கால். கால் தரையில் நட்டுக்கொண்டிருக்க இடுப்பைத் திருப்பி வீசினால், திரும்பும் முறுக்கு முழுவதையும் முழங்கால்தான் வாங்கும். காய்ந்த தரையில் பாதம் தானாகத் திரும்பிக்கொடுக்கும், சேற்றில் திரும்பாது. ஆக, உங்கள் ஆட்கள் அகல வீச்சு வீசினால் எதிராளியைத் தொடும் முன்பே நொண்டிவிடுவார்கள். சாண் அளவுக் குத்து என்று போட்டீர்கள் பாருங்கள், அது மட்டும் சரி. தெரிந்து போட்டீர்களா, குருட்டாம்போக்கில் போட்டீர்களா?

இரண்டு, எந்த வாள்? அந்தக் காலத்து மராத்தியர் கையில் பட்டா இருக்கும். முன்கையை மூடும் இரும்புக் கூட்டுக்குள் கையை விட்டு, உள்ளே குறுக்குக் கம்பியைப் பிடிக்க வேண்டும். அலகு நீளம், மணிக்கட்டு அசையாது, எல்லாம் தோளிலிருந்தும் உடம்பிலிருந்தும்தான் வரவேண்டும். அதை வைத்துக்கொண்டு கீழிருந்து சாண் குத்து குத்துவது, அலக்குக் கம்பால் பல் குத்துகிற கதை.

உப்புக்காற்று:

குருட்டாம்போக்கில்தான் போட்டேன் அண்ணா. ஆனால் தெரிந்து போட்டதாகவே இனிமேல் சொல்லிக்கொள்வேன்.

பாவூச்சா தக்கா:

படகுத்துறையில் வேலை பார்க்கிறேன். வாள் எனக்குத் தெரியாது, தண்ணீர் தெரியும்.

//அமாவாசை, நடுநிசி, கணுக்கால் புதையும் சேறு//

உங்கள் நாயகி மூழ்கிச் செத்துவிடுவாள்.

மும்பையில் அமாவாசை, பௌர்ணமிக்கு ஏற்றம் வருவதே நடுப்பகலையும் நடுநிசியையும் ஒட்டித்தான். மழைக்காலத்தில் மாநகராட்சி ஏற்ற நேரப் பட்டியல் விடுமே, நாலரை மீட்டருக்கு மேல் போகும் நாட்களைப் பாருங்கள், பெரும்பாலும் மதிய வேளையாக இருக்கும். அதற்கு ஆறு மணி நேரம் முன்னும் பின்னும்தான் வற்றம். அமாவாசையன்று சேறு வேண்டுமானால் காலை ஆறை ஒட்டி, இல்லை மாலை ஆறை ஒட்டி. நடுநிசியில்தான் வேண்டும் என்றால் அஷ்டமிப் பக்கம் நகர்த்துங்கள். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் அவ்வளவாக இறங்காது, சேறும் குறைவாகத்தான் வெளியே தெரியும்.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும். காடியில் உள்ளே போகப் போக இன்னும் கொஞ்சம் தாமதம். இங்கத்து மீனவர்களான கோளிக்காரர்களுக்கு இதற்குக் கடிகாரம் தேவையில்லை, திதி போதும். உங்கள் கிராமத்துக்காரர்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்குத்தான் தெரியவில்லை.

உப்புக்காற்று:

ஐயோ. எட்டாம் அத்தியாயத்தின் கடைசி வரியே "அமாவாசை நடுநிசியில் சந்திப்போம்" என்பதுதான். போட்டாகிவிட்டது.

பாவூச்சா தக்கா:

வில்லன்தானே சொன்னான்? அவன் வெளியூர்க்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாஷி அக்கா:

//மும்பை என்றாலே பூநாரைதானே//

அனிமேப்பித்தன் தம்பி, பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் வர ஆரம்பித்ததே 1990களில்தான். தாணே காடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது 2015இல். 1730களின் கதையில் அதைக் கொண்டுவந்தால் என்னை மாதிரி தொலைநோக்கியோடு அலைகிறவர்கள் சும்மா விடமாட்டோம்.

சுரபுன்னையும் இங்கே குறைவுதான் உப்புக்காற்று, மும்பைப் பக்கம் பெரும்பாலும் வெண்கண்டல். கிராமத்தில் ஒரே ஒரு சுரபுன்னை இருக்கிறது, விதைவீழை அதனடியில்தான் கற்றுத்தருவார்கள் என்று வையுங்களேன்.

பறவைதான் வேண்டும் என்றால் கொக்கை எடுங்கள். உறுமீன் வரும்வரை வாடிநிற்கும் என்று நாமெல்லாம் பள்ளியில் படித்த கொக்கு. ஆனால் சின்னக் கொக்கைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றதை முன்னால் நீட்டி, சேற்றுக்குள் பாதத்தை நடுக்கும். குளிரில் நடுங்குவது மாதிரி, விடாமல். உள்ளே ஒளிந்திருக்கும் மீனும் இறாலும் கலைந்து வெளியே ஓடும், டக்கென்று கொத்திவிடும். கொக்கு சும்மா நிற்கிறது என்று சொன்னவர்கள் அதன் காலைப் பார்க்கவில்லை.

உங்கள் வேர்நிலைக்காரர்களும் சும்மா நிற்க வேண்டாம். ஈரச் சேற்றைக் கலக்கினால் இளகிவிடும், விட்டால் மறுபடி இறுகும். முன்கால் பாதத்தால் முன்னால் இருக்கும் சேற்றை மெல்ல நடுக்கிக்கொண்டே நிற்கட்டும். மேலே பார்த்தால் சிலை. எதிராளி கால் வைக்கும் இடம் மட்டும் கூழாகியிருக்கும்.

பட்டாக்கத்தி:

அக்கா, இது அபாரம். எதிராளியின் கண் எப்போதும் தோளிலும் கையிலும்தான் இருக்கும். சேற்றுக்குள் இருக்கும் பாதத்தை எவன் பார்க்கப்போகிறான்?

உப்புக்காற்று:

'கொக்குக்கால்' சேர்த்தாகிவிட்டது. நன்றி அக்கா.

சங்கக்கடல்:

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு கஷ்டம்? ஐந்திணை இருக்கிறதே. குறிஞ்சி வாள், முல்லை வாள், மருத வாள், நெய்தல் வாள், பாலை வாள். ஐந்து பள்ளி, ஐந்து ஆசான். மலைக்காரன் பாய்வான், காட்டுக்காரன் பதுங்குவான், பாலைக்காரன் கொள்ளையடிப்பான். தமிழனுக்கு வேறென்ன வேண்டும்?

உப்புக்காற்று:

முதலில் அப்படித்தான் எழுதினேன், நம்புங்கள். ஐந்து டப்பா கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு பூ, ஒரு மிருகம். சண்டை மட்டும் ஐந்திலும் ஒரே சண்டை, பூவை மாற்றி மாற்றி வைத்திருந்தேன். நெய்தல்காரனைச் சேற்றில் இறக்கினபோதுதான் அவன் கால் என்ன செய்யும் என்றே எனக்குத் தெரியவில்லை என்று புரிந்தது. மற்ற நான்கையும் அன்றைக்கே விட்டுவிட்டேன்.

பட்டாக்கத்தி:

பெயர் மட்டும் இயற்கையாக இருப்பதில் தப்பில்லை. ஜப்பானில் சசாகி கோஜிரோ என்ற வாள்வீரனின் பெயர்பெற்ற வெட்டுக்குத் தகைவிலான் குருவியின் பெயர். பறந்துபோகிற குருவி சட்டென்று திரும்புமே, அப்படித் திரும்பி வெட்டுவது. அவன் வாள் நீளத்தைப் பார்த்துத் துணி காயப்போடும் கழி என்று கேலி செய்வார்களாம். 1612இல் ஒரு சின்னத் தீவில் முசாஷி என்ற இன்னொரு வாள்வீரனோடு மோதிச் செத்தான். முசாஷி வேண்டுமென்றே தாமதமாக வந்தான், படகுத் துடுப்பைச் செதுக்கி மரவாளாக்கிக் கொண்டுவந்தான் என்பார்கள். ஓதம் திரும்பும் நேரம் பார்த்து வந்து, அந்த ஓட்டத்திலேயே தப்பினான் என்றும் ஒரு கதை உண்டு. வரலாறு பாதி, கட்டியது பாதி.

பாவூச்சா தக்கா:

அந்த முசாஷி பிழைக்கத் தெரிந்தவன்.

பிச்சாவரத்தான்:

தில்லை என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டது, உள்ளே வந்துவிட்டேன். பூர்விகம் பிச்சாவரம் பக்கம், இப்போது தாராவியில் காலா கில்லாவுக்கு அருகே. (கதாசிரியருக்கு ஒரு தகவல்: அந்தக் கோட்டை வெள்ளைக்காரன் 1737இல் மித்தி ஆற்றோரம் கட்டியது. அதே வருடம்தான் மராத்தியர் தாணேவைப் பிடித்தார்கள். உங்கள் காலம்தான், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.)

தில்லை மரம் நிறைந்த காடாக இருந்ததால்தான் சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். எங்கள் சாமி இருக்கும் ஊரின் பெயரைத் தடை செய்யப்பட்ட அடிக்கு வைத்ததற்கு முதலில் என் கண்டனம். அடுத்து, அந்த அடி என்ன?

உப்புக்காற்று:

மன்னிக்கவும் அண்ணே. தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று படித்தேன். வாளில் அதைத் தடவிக்கொண்டு எதிராளியின் முகத்தில் உதறுவது. கோழைத்தனம் என்று ஊர் தடை செய்திருக்கிறது.

பிச்சாவரத்தான்:

அப்படியென்றால் நீங்கள் தில்லை மரத்தைப் பார்த்ததில்லை. என் தாத்தா விறகுக்குப் போனவர். அந்த மரத்தைத் தொடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வெட்டுவாராம். பால் பீய்ச்சினால் முதலில் பிடிப்பது வெட்டுகிறவன் கண்ணைத்தான். நெருப்பு மாதிரி எரியும், கண் வீங்கி மூடிக்கொள்ளும், பார்வை திரும்ப நாளாகும். ஒரு தடவை பட்டுவிட்டு, பாட்டி கைப்பிடித்துத்தான் கொல்லைக்கே கூட்டிப்போனாளாம்.

வாளில் தடவி உதறினால் எதிராளிக்குப் பாதி, உங்கள் ஆளுக்குப் பாதி. காற்று எதிரே அடித்தால் முழுவதும் உங்கள் ஆளுக்கு. ஊர் தடை செய்ததற்குக் காரணம் கோழைத்தனம் என்றால் நான் நம்பமாட்டேன். ஊரில் பாதிப்பேர் குருடாகிவிட்டார்கள் என்று சொல்லுங்கள், நம்புகிறேன்.

உப்புக்காற்று:

அண்ணே, இதைப் படித்துவிட்டு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் தில்லையை வீசுகிறவள் கண்ணை மூடிக்கொண்டுதான் வீச வேண்டும். வீசின பிறகும் திறக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு சண்டை போடப் பழகியவளுக்கு மட்டும்தான் அந்த அடி. அது போதும் எனக்கு, தடையே வேண்டாம்.

அனிமேப்பித்தன்:

கண்ணை மூடிக்கொண்டு சண்டை!!! இதற்கு மட்டுமாவது வரிசை எண் கொடுங்கள் ப்ரோ.

உப்புக்காற்று:

மக்களே, ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டேன். பட்டாக்கத்தி அண்ணா கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை. நானும் அறைத்தோழனும், ஆளுக்கொரு நாலடி பிவிசி பைப், காடியோரம் ஒரு மீனவர் துறைக்குப் பக்கத்துச் சேறு. (மரத்துப் பக்கமே போகவில்லை, அது பாதுகாக்கப்பட்ட காடு என்று தெரியும், அக்கா திட்ட வேண்டாம்.)

நான் வேர்நிலையில் நின்றேன். அவன் ஆறடி தள்ளி நின்று என்னைத் தாக்க வர வேண்டும். முதல் அடி வைத்தான், கணுக்கால். இரண்டாவது அடிக்குப் பின்காலைத் தூக்கினான், வரவில்லை. உடம்பு முன்னே வந்துவிட்டது, கால் பின்னே நின்றுவிட்டது. கையை விரித்து பேலன்ஸ் பண்ணினான். அந்த நொடியில் பைப் நுனியைக் கீழிருந்து தூக்கினால் போதும், அவன் முழங்கையே வந்து அதில் உட்கார்ந்தது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதேதான். நான் எதுவுமே செய்யவில்லை என்பதுதான் அவனுக்கு எரிச்சல்.

பிறகு என் முறை வந்தது, வெளியே வருவது. பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றதில் அரைக் கெண்டைக்கால் வரை இறங்கியிருந்தேன். இழுக்க இழுக்க இன்னொரு கால் ஆழமாகப் போகிறது. துறையில் வலை சீர் பண்ணிக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரிக்கிற சிரிப்பில் மானமே போய்விட்டது. அப்புறம் அவரே மராத்தியில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். நேரே மேலே இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் கிளப்பி, பாதத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினால் பக்கவாட்டில் காற்று உள்ளே போகும். பொளக்கென்று ஒரு சத்தம், கால் வந்துவிட்டது. செருப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு முறையைத் திருத்தினேன். அலையாத்தியில் நிற்பதற்கு ஒரு வாரப் பயிற்சி, வெளியே வருவதற்கு மூன்று வருடம். அதற்கு 'வேர்பிடுங்கல்' என்று பெயர். வெளியூர்க்காரருக்கு அதைக் கற்றுத்தருவதில்லை.

பாவூச்சா தக்கா:

அப்படியென்றால் உங்கள் சண்டை முடிந்துவிட்டது தம்பி. அமாவாசை விடிகாலை, தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும் நேரம். மூன்று பேரையும் சேற்றுக்குள் இழுத்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் அவள் யாரையும் கொல்லவே வேண்டாம். இரண்டு மணி நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றால் போதும், மிச்சத்தை ஏற்றம் பார்த்துக்கொள்ளும். அவளுக்கு வேர்பிடுங்கல் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

பட்டாக்கத்தி:

கையில் பட்டா வேறு மாட்டியிருப்பார்கள். இரும்புக் கூட்டுக்குள் கை, சேற்றுக்குள் கால்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. காய்ந்த தரையில் இவர்கள் என்ன செய்வார்கள்?

உப்புக்காற்று:

செத்துப்போவார்கள். அதனால்தான் அந்தக் கிராமத்தில் யாரும் காடியைத் தாண்டி வாழப்போவதில்லை. ஆறாம் அத்தியாயத்தில் நாயகியின் அண்ணன் புணேவுக்குப் போகிறேன் என்றதும் அம்மா அழுதாளே, அதற்கு நான் வேறு காரணம் எழுதியிருந்தேன். இப்போது இதுதான் காரணம்.

வாஷி அக்கா:

எந்த வாள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு என் கடைசி ஜந்து, ஒற்றைக்கொடுக்கு நண்டு. ஆணுக்கு ஒரு கொடுக்கு உடம்பளவு பெரிது, இன்னொன்று சின்னது. பெரியதை ஆட்டி ஆட்டி மிரட்டும், பெண்ணையும் கூப்பிடும். சாப்பிடுவதெல்லாம் சின்னதால்தான். வலது கையில் நீளப் பட்டா, இடது கையில் கட்டாரி. பட்டா ஆடட்டும், சாண் குத்தைக் கட்டாரி குத்தட்டும்.

இன்னொன்றும் உண்டு. சண்டையில் பெரிய கொடுக்கு போய்விட்டால் மறுபடி முளைக்கும். சில வகைகளில் புதியது பார்க்க அதே நீளம், ஆனால் இலேசு, பிடிப்பில்லை. மற்ற நண்டுகள் அதைக் கண்டுபிடிப்பதில்லை, பழைய மிரட்டலுக்கே பயந்து விலகிப்போகும்.

பட்டாக்கத்தி:

கட்டாரி சரியான தேர்வு. பிடி குறுக்கே இருக்கும், முட்டியால் குத்துகிற மாதிரிதான் குத்த வேண்டும், கிட்டத்துச் சண்டைக்கென்றே ஆனது. இதற்கு மேல் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாளுக்கு எண்ணெய் பூச மட்டும் மறக்காதீர்கள், உப்புத் தண்ணீர்.

உப்புக்காற்று:

அக்கா, அந்த நண்டு ஆசான்தான். வலது தோள் செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. தினமும் காலையில் பட்டாவை மாட்டிக்கொண்டு துறையில் வந்து நிற்கிறார். ஊரில் நாயகிக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பதாம் அத்தியாயத்தை இங்கிருந்தே தொடங்குகிறேன். முதல் பத்தி:

"தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஆசானின் பட்டா ஒருமுறை வெயிலில் மின்னி இறங்கியது. கரையில் நின்ற மூவரும் ஒரு எட்டு பின்னால் போனார்கள். அவர் தோள் நடுங்குவதைத் தண்ணீர் என்று நினைத்தார்கள்."

பாவூச்சா தக்கா:

நன்றாக இருக்கிறது. ஆனால் அமாவாசை விடிகாலை ஆறு மணிக்கு வெயில் ஏது? மாலையாக மாற்றுங்கள், வற்றம் அப்போதும் உண்டு. ஏற்றம் வரும்போது இருட்டிவிடும், அதுவும் உங்களுக்கு வசதிதான்.

உப்புக்காற்று:

மாற்றிவிட்டேன்.

அனிமேப்பித்தன்:

பைப் என்ன ஆச்சு ப்ரோ?

உப்புக்காற்று:

ஒன்று சேற்றிலேயே நிற்கிறது, மூச்சுவேர் மாதிரி. இன்னொன்றை வலை அம்மா கொடி கட்ட வாங்கிக்கொண்டார்.